நீரிழிவு எந்த வயதில் தொடங்குகிறது என்பது ஏன் முக்கியம்

நீரிழிவு மருத்துவரிடம் முதன்முறையாகச் செல்பவரிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி, "எத்தனை வருஷமா சுகர் இருக்கு?" என்பதுதான். பதில் மருத்துவச் சீட்டில் ஓர் எண்ணாக ஏறிவிடும்; பிறகு பேச்சு அன்றைய சர்க்கரை அளவுக்கும் மாத்திரைக்கும் உணவுக்கும் நகர்ந்துவிடும். அந்த எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னோர் எண், நோய் எந்த வயதில் தொடங்கியது என்பது. இருபது ஆண்டுகளாக நீரிழிவு இருக்கும் ஐம்பது வயதுக்காரருக்கு அது முப்பதில் தொடங்கியது. அதே இருபது ஆண்டுகள் இருக்கும் எண்பது வயதுக்காரருக்கு அறுபதில் தொடங்கியது. நோய்க்காலம் இருவருக்கும் ஒன்றே. இருந்தும், தம் வயதை ஒத்த நீரிழிவில்லாதவர்களைவிட இவர்களுடைய உடல்நிலை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்த்தால், முதலாமவரின் இழப்பு பெரும்பாலும் மிகப் பெரியதாக இருக்கும்.

இந்த இழப்பின் அளவைக் காட்டும் கணக்கு ஒன்று 2023இல் வெளியானது. உயர்வருமான நாடுகள் 19இல் திரட்டப்பட்ட, ஏறத்தாழ 15 லட்சம் பேரின் தரவுகள் அதில் ஒன்றுசேர்க்கப்பட்டிருந்தன. அமெரிக்க இறப்பு விகிதங்களைக் கொண்டு கணக்கிட்டபோது, ஐம்பது வயதை எட்டியவர்களுள், 30 வயதில் நீரிழிவு கண்டறியப்பட்டவர் நீரிழிவில்லாத ஒருவரைவிடச் சராசரியாக 14 ஆண்டுகள் முன்னதாக இறந்துபோகிறார். 40இல் கண்டறியப்பட்டவர் 10 ஆண்டுகளும், 50இல் கண்டறியப்பட்டவர் 6 ஆண்டுகளும் முன்னதாக இறக்கிறார்கள். கண்டறியப்படும் வயது பத்தாண்டு முன்னே நகரும் ஒவ்வொரு முறையும் ஆயுளில் 3 முதல் 4 ஆண்டுகள் வரை குறைகின்றன என்பது இதன் சாரம். இவை பெருந்தொகையான மக்களின் சராசரிகள். தனி ஒருவருக்கு எழுதப்பட்ட தலைவிதி அல்ல என்பதை முப்பது வயதில் இந்த நோயோடு இருக்கும் வாசகர் முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். இந்த இழப்பில் கணிசமான பகுதி தடுக்கக்கூடியது என்பதற்கான சான்றுகளும் இருக்கின்றன. அவற்றைப் பின்னர் பார்ப்போம்.

அதற்கு முன், இத்தகைய எண்களைப் படிக்கும்போது ஒரு கணக்குச் சிக்கலைத் தெரிந்துகொள்வது நல்லது. இப்போதைய வயது, நோய் தொடங்கிய வயது, நோயோடு கழிந்த ஆண்டுகள் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. முதலாவது எப்போதும் மற்ற இரண்டின் கூட்டுத்தொகைதான். எனவே ஒன்றை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் தனித்தனியாக அளக்க முடியாது. ஒரே வயதுள்ளவர்களை ஒப்பிட்டால், இளவயதில் நோய் தொடங்கியவர்களுக்கு நோய்க்காலமும் நீளமாகவே இருக்கும். அங்கே காணப்படும் கூடுதல் பாதிப்பு இளவயதினால் வந்ததா, நீண்ட காலத்தினால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல இயலாது. மாறாக, ஒரே நோய்க்காலம் உள்ளவர்களை ஒப்பிட்டால், பிற்காலத்தில் நோய் தொடங்கியவர்கள் மூத்தவர்களாக இருப்பார்கள். மாரடைப்பும் இறப்பும் முதுமையிலேயே மிகுதி என்பதால், இளவயதில் தொடங்குவது பாதுகாப்பானது என்பதுபோன்ற பொய்த்தோற்றம் ஏற்படும். செய்தித்தாள்களில் அடுத்தடுத்து வரும் ஆய்வு முடிவுகள் முரண்படுவதுபோலத் தெரிவதற்கு இந்த ஒப்பீட்டு வேறுபாடே பல நேரங்களில் காரணம்.

இந்தச் சிக்கலைக் கவனத்தில் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகள் ஓரளவு தெளிவான சித்திரத்தைத் தருகின்றன. 30 நாடுகளைச் சேர்ந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை உள்ளடக்கி 2021இல் வெளியான தொகுப்பாய்வு, இப்போதைய வயதைச் சமப்படுத்திய பிறகு, இரண்டாம் வகை நீரிழிவு (இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்யாததால், பெரும்பாலும் வளர்ந்தவர்களுக்கு வரும் வகை) ஓராண்டு தாமதமாகக் கண்டறியப்படும் ஒவ்வொரு முறையும் இறப்பு அபாயம் 4 சதவீதமும், இதயம், மூளை போன்றவற்றுக்குச் செல்லும் பெரிய ரத்தக்குழாய்களின் பாதிப்பு 3 சதவீதமும், கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் நுண்குழாய்ப் பாதிப்பு 5 சதவீதமும் குறைவதாகக் கண்டது. அட்வான்ஸ் என்ற பன்னாட்டு மருந்தாய்வில் பங்கேற்ற 11,140 பேரின் தரவுகளும் இதற்கு மெருகூட்டுகின்றன. மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு ஆகியவற்றில் வயதும் நோய்க்காலமும் தனித்தனியே பங்கு வகிக்கின்றன. கண், சிறுநீரகப் பாதிப்புகளிலோ நோய்க்காலமே முதன்மையானது, அதன் தாக்கமும் இளையவர்களிடமே மிகக் கடுமையாக இருக்கிறது. அதாவது நோயோடு கழியும் பத்து ஆண்டுகள் எல்லா வயதிலும் ஒரே எடையுள்ளவை அல்ல.

முதல் வகை நீரிழிவில் இந்தத் தொடர்பு வேறு விதமாக வெளிப்படுகிறது. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுவதால் வரும் இந்த வகை, பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலும் பதின்பருவத்திலும் தொடங்குகிறது. தொடக்க நாள் ஏறக்குறைய துல்லியமாகத் தெரியும் என்பதால் ஆராய்ச்சிக்கும் வசதியானது. சுவீடனின் தேசிய நீரிழிவுப் பதிவேட்டில் இருந்த 27,195 பேரை, அதே வயதும் பாலினமும் கொண்ட பொதுமக்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளியானது. பத்து வயதுக்கு முன் நோய் தொடங்கிய பெண்கள் சராசரியாக 17.7 ஆண்டுகளையும் ஆண்கள் 14.2 ஆண்டுகளையும் இழந்தார்கள். 26 முதல் 30 வயதுக்குள் தொடங்கியவர்களிடம் இழப்பு பெண்களுக்கு 10.1, ஆண்களுக்கு 9.4 ஆண்டுகள். பத்து வயதுக்கு முன் தொடங்கியவர்களிடம் மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ 30 மடங்கு; 26 வயதுக்குப் பின் தொடங்கியவர்களிடம் ஏறத்தாழ 6 மடங்கு. முப்பது மடங்கு என்ற சொல்லைக் கேட்டுப் பெற்றோர் நடுங்கிவிடக் கூடாது. ஒப்பிடப்பட்டவர்கள் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த ஆரோக்கியமான மனிதர்கள். அந்த வயதில் மாரடைப்பு மிக அரிது. மிகச் சிறிய எண்ணை முப்பதால் பெருக்கினாலும் கிடைப்பது சிறிய எண்தான். இருப்பினும், சிறந்த மருத்துவ வசதியும் இலவச இன்சுலினும் உள்ள ஒரு நாட்டிலேயே இவ்வளவு ஆண்டுகள் குறைகின்றன என்பதை எளிதாகக் கடந்து செல்ல முடியாது.

ஆனால் 'முன்னதாக வந்தால் கூடுதல் கேடு' என்ற ஒற்றை விதியாக இதைச் சுருக்கிவிட முடியாது என்பதைப் பின்லாந்தின் தரவுகள் காட்டுகின்றன. உலகிலேயே முதல் வகை நீரிழிவு மிகுதியாக உள்ள நாடு அது. அங்கு நாடு தழுவிய அளவில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், நோய் தொடங்கி 20 ஆண்டுகளில் 2.2 சதவீதத்தினரும் 30 ஆண்டுகளில் 7.8 சதவீதத்தினரும் டயாலிசிஸ் அல்லது சிறுநீரக மாற்றம் தேவைப்படும் நிலையை அடைந்தார்கள். ஐந்து வயதுக்குள் நோய் தொடங்கியவர்களிடம் இந்த அபாயம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. விழித்திரையில் புதுக் குழாய்கள் முளைத்துப் பார்வையைக் கெடுக்கும் கடுமையான பாதிப்பும், 5 முதல் 14 வயதுக்குள் நோய் தொடங்கியவர்களிடமே அதிகமாகவும், அதற்கு முன்னரோ பின்னரோ தொடங்கியவர்களிடம் குறைவாகவும் காணப்பட்டது. பருவமடைதல் இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அந்த ஆண்டுகளில் வளர்ச்சி ஹார்மோனும் பாலியல் ஹார்மோன்களும் பெருகி, இன்சுலினின் வேலையை மந்தப்படுத்துகின்றன. போதாக்குறைக்கு, ஊசியைத் தானே போட்டுக்கொள்ளத் தொடங்கும் பிள்ளை பெற்றோரின் கண்காணிப்பிலிருந்து விலகும் காலமும் அதுவே. பருவமடைவதற்கு முன் கழியும் நோய் ஆண்டுகள் நுண்குழாய்களைச் சற்று மெதுவாகவே பாதிக்கின்றன என்ற இந்தப் புரிதலால்தான், முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைகளுக்குக் கண், சிறுநீரகப் பரிசோதனைகளைப் பருவமடையும்போது அல்லது ஏறத்தாழ 11 வயதில், நோய் வந்து சில ஆண்டுகள் கடந்த பிறகு தொடங்கினால் போதும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன.

இன்னொரு விதிவிலக்கு இதைவிடப் பாடம் நிறைந்தது. குளூக்கோகைனேஸ் என்ற மரபணுவில் ஏற்படும் ஒரு மாற்றத்தால் சிலருக்குப் பிறந்த நாளிலிருந்தே ரத்தச் சர்க்கரை சற்று உயர்ந்திருக்கும். நோய் தொடங்கிய வயது பூஜ்யம்; இதைவிட முன்னதாக நீரிழிவு தொடங்க வழியே இல்லை. இத்தகையவர்கள் 99 பேரைப் பிரிட்டனில் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தச் சர்க்கரையோடு வாழ்ந்திருந்த அவர்களுள் கவலைக்குரிய நுண்குழாய்ப் பாதிப்பு இருந்தவர்கள் 1 சதவீதம் மட்டுமே. இளவயதில் இரண்டாம் வகை நீரிழிவு வந்தவர்களிடம் அது 36 சதவீதம். காரணம், இந்த மரபணு மாற்றம் உள்ளவர்களின் மூன்று மாதச் சராசரி அளவு, அதாவது ஹெச்பிஏ1சி, 7 சதவீதத்துக்கு அருகிலேயே நின்றுவிடுகிறது. ரத்த அழுத்தமும் கொழுப்பும் உடல்பருமனும் கூட்டுச் சேர்வதில்லை. எனவே பாதிப்பைத் தீர்மானிப்பது நாட்காட்டி மட்டுமல்ல. எவ்வளவு உயர்ந்த சர்க்கரை, எத்தனை ஆண்டுகள், வேறு எந்தெந்தக் கோளாறுகளோடு சேர்ந்து இருந்தது என்பதே. இந்தக் கட்டுரையின் மையக் கருத்தும் இதுதான்: இளவயதில் நோய் தொடங்குவது ஆபத்தாவது, முன்னால் நீண்டு கிடக்கும் ஆண்டுகளில் உயர்ந்த சர்க்கரைக்கு இடம் கொடுத்துவிடுவதால்தான், அந்த இடத்தைக் கொடுக்காமல் இருப்பதற்குத் தொடக்க ஆண்டுகளே மிக வாய்ப்பானவை.

இரண்டாம் வகை நீரிழிவு இளவயதில் வரும்போது அந்த இடம் மிக வேகமாக நிரம்பிவிடுகிறது. ஒரு தலைமுறைக்கு முன்புவரை நடுவயதின் நோயாக மட்டுமே எண்ணப்பட்ட இது, பள்ளிப் பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அமெரிக்காவில் நடந்த டுடே ஆய்வு நெருக்கமாகக் காட்டியது. 10 முதல் 17 வயதுக்குட்பட்ட, நோய் கண்டறியப்பட்டு இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத 699 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். வழக்கமாக முதலில் கொடுக்கப்படும் மாத்திரையான மெட்ஃபார்மின் மட்டும் பெற்றவர்களுள் 51.7 சதவீதத்தினருக்குச் சில ஆண்டுகளிலேயே அது போதாமல் போனது. உணவு, உடற்பயிற்சி ஆகியவற்றில் தீவிரமான ஆதரவு கொடுத்தபோதும் தோல்வி 46.6 சதவீதமாக இருந்தது. இரண்டாவது மருந்தொன்றைச் சேர்த்தபோது 38.6 சதவீதமாகக் குறைந்தது. பெரியவர்களுக்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் கைகொடுப்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு வேகமான சரிவு என்பது புரியும்.

அதே பிள்ளைகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியிட்ட முடிவுகளைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. அப்போது அவர்களின் சராசரி வயது 26. நோய் கண்டறியப்பட்டுச் சராசரியாக 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் 67.5 சதவீதத்தினருக்கு ரத்த அழுத்தமும், 54.8 சதவீதத்தினருக்குச் சிறுநீரகப் பாதிப்பும், 32.4 சதவீதத்தினருக்கு நரம்புப் பாதிப்பும் வந்துவிட்டிருந்தன. விழித்திரைப் படங்களை 2010-11இல் எடுத்தபோது 13.7 சதவீதத்தினரிடம் பாதிப்பு தெரிந்தது. 2017-18இல் மீண்டும் எடுத்தபோது அது 51 சதவீதமாக உயர்ந்திருந்தது. ஏதேனும் ஒரு நுண்குழாய்ப் பாதிப்பாவது இருந்தவர்கள் 60 சதவீதம். படிப்பு முடிந்து வேலை தேடும் வயதில், திருமணப் பேச்சு நடக்கும் வயதில், அறுபது வயதுக்காரரின் மருத்துவக் கோப்பு ஒருவர் கையில் இருக்கிறது என்பதே இந்த எண்களின் பொருள்.

முதல் வகையோடு ஒப்பிட்டாலும் இளவயது இரண்டாம் வகையே கடுமையானது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஊசி போட வேண்டிய நோய் கொடியது, மாத்திரையில் அடங்கும் நோய் லேசானது என்ற எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. அமெரிக்காவின் சர்ச் ஆய்வு, நோய் வந்து ஏறத்தாழ எட்டு ஆண்டுகளே ஆன இளையோரை ஒப்பிட்டபோது, சிறுநீரகப் பாதிப்பு இரண்டாம் வகையினரிடம் 19.9 சதவீதமாகவும் முதல் வகையினரிடம் 5.8 சதவீதமாகவும் இருந்தது. சிட்னியின் ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனை, 15 முதல் 30 வயதுக்குள் நோய் தொடங்கிய இரு வகையினரையும் நீண்டகாலம் பின்தொடர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகையினருள் 11 சதவீதத்தினரும் முதல் வகையினருள் 6.8 சதவீதத்தினரும் இறந்திருந்தார்கள். சர்க்கரைக் கட்டுப்பாடு இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தும் இந்த வேறுபாடு. உடல்பருமன், ரத்த அழுத்தம், கொழுப்புக் கோளாறு, ஈரல் கொழுப்பு ஆகியவை இரண்டாம் வகையோடு சேர்ந்தே வருகின்றன என்பது இதற்கு முக்கியமான விளக்கம். இன்னொன்று கணையம் தொடர்பானது: பருவமடையும் உடலில் இன்சுலின் எதிர்ப்பு மிகக் கடுமையாக இருப்பதால், பீட்டா செல்கள் முதலில் மிதமிஞ்சி உழைத்து, பெரியவர்களைக் காட்டிலும் விரைவாகச் சோர்ந்து விடுகின்றன.

அரிசோனா மாநிலத்தின் கிலா ஆற்றுப் பகுதியில் வாழும் பீமா பழங்குடியினரிடம் 1965 முதல் நடந்துவந்த நெடுங்கால ஆய்வு இந்த விஷயத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னோடி. இருபது வயதுக்கு முன் இரண்டாம் வகை நீரிழிவு வந்தவர்கள், 25 முதல் 54 வயது வரையிலான உழைக்கும் பருவத்தில், பின்னர் நோய் வந்தவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளானார்கள் என்று 2006இல் அது காட்டியது. அதே மக்களிடம் கிடைத்த இன்னொரு கண்டுபிடிப்பு இதை அடுத்த தலைமுறையோடு இணைக்கிறது. ஒரே தாயின் பிள்ளைகளுள், தாய்க்கு நீரிழிவு வருவதற்கு முன் பிறந்தவரைக் காட்டிலும் வந்த பின் பிறந்தவருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 3.7 மடங்கு, தந்தையின் நோயைப் பொறுத்தவரை இத்தகைய வேறுபாடு இல்லை. மரபணு இருவருக்கும் பொதுவானது என்பதால், கருப்பையில் உயர்ந்த சர்க்கரையோடு வளர்ந்ததே வேறுபாட்டுக்குக் காரணம் என்று கொள்ள வேண்டியிருக்கிறது. பெண்களுக்கு நோய் தொடங்கும் வயது குழந்தை பெறும் வயதுக்கு முன்னே நகர நகர, கருவிலேயே இந்தச் சுமையை ஏற்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் கூடும்.

முதுமையில் தொடங்கும் நீரிழிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுவீடனில் இரண்டாம் வகை நீரிழிவுள்ள 3,18,083 பேரை வைத்து 2019இல் வெளியான ஆய்வில், 40 வயதுக்குள் நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு இறப்பு அபாயம் தம் வயதினரைவிட ஏறத்தாழ இரு மடங்காகவும், இதயச் செயலிழப்பு அபாயம் ஐந்து மடங்கை நெருங்குவதாகவும் இருந்தது. இந்தக் கூடுதல் அபாயம் வயதோடு படிப்படியாகக் குறைந்து, எண்பதுக்குப் பின் கண்டறியப்பட்டவர்களிடம் ஏறக்குறைய இல்லாமலே போனது. எண்பது வயதுப் பாட்டிக்குப் புதிதாகச் சர்க்கரை தெரிந்தால், அவரைப் பட்டினி போட்டு, மருந்தைக் கூட்டி, எண்களைத் துரத்துவதால் பெரும் பயன் இல்லை. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதே அவருக்கு நேரக்கூடிய பெரிய ஆபத்து. சராசரி வயது 62 ஆக இருந்த, நெடுநாள் நோயாளிகளிடம் மிகக் கடுமையான கட்டுப்பாட்டைச் சோதித்த அக்கார்ட் ஆய்வில், இறப்பு கூடியதால் 2008இல் அந்தச் சிகிச்சைப் பிரிவே நிறுத்தப்பட்டது. ஆனால் நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. தாத்தாவின் காப்பியில் சர்க்கரை விழுந்ததா என்று வீடே கண்காணிக்கிறது. முப்பத்திரண்டு வயது மகனுக்கு வெறும் வயிற்றில் 160 என்று வந்தால், "வேலை டென்ஷன், குறைஞ்சிடும்" என்று விட்டுவிடுகிறோம். கண்டிப்பு எங்கே தேவையோ அங்கே தளர்வும், தளர்வு எங்கே பொருந்துமோ அங்கே கண்டிப்பும் இருக்கின்றன.

தொடக்க ஆண்டுகள் ஏன் அவ்வளவு வாய்ப்பானவை என்பதற்கு இரண்டு பெரும் சோதனைகள் சான்று. முதல் வகை நீரிழிவுள்ள, 13 முதல் 39 வயதுக்குட்பட்ட 1,441 பேரிடம் 1983 முதல் 1993 வரை நடந்த டிசிசிடி ஆய்வில், ஹெச்பிஏ1சியை 7 சதவீதத்துக்கு அருகில் வைத்திருந்தவர்களிடம், 9 சதவீதத்தில் இருந்தவர்களைவிட விழித்திரைப் பாதிப்பு புதிதாகத் தோன்றுவது 76 சதவீதம் குறைந்தது. அதைவிட முக்கியமானது அதன் பிறகு நடந்தது. ஆய்வு முடிந்ததும் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஏறத்தாழ 8 சதவீதத்தில் ஒன்றாகிவிட்டது. ஆனாலும் முன்பு கட்டுப்பாட்டில் இருந்தவர்களின் நன்மை மறையவில்லை. 2005இல் பார்த்தபோது அவர்களிடம் இதயம், ரத்தக்குழாய் தொடர்பான நிகழ்வுகள் 42 சதவீதம் குறைவாக இருந்தன. 2015 வாக்கில் இறப்பும் குறைவாக இருந்தது. பிரிட்டனில் 1977இல் தொடங்கி 1997இல் முடிந்த யுகேபிடிஎஸ் ஆய்வு, புதிதாக இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டவர்களிடம் இதையே காட்டியது: ஆய்வு முடிந்து பத்தாண்டுகள் கழித்தும், தொடக்கத்தில் மெட்ஃபார்மின் பெற்ற உடல்பருமனானவர்களிடம் மாரடைப்பு 33 சதவீதமும் இறப்பு 27 சதவீதமும் குறைந்திருந்தன. பயிருக்கு இளம்பருவத்தில் விட்ட தண்ணீரின் பலன் கதிரில் தெரிவதுபோல, தொடக்க ஆண்டுகளின் கட்டுப்பாடு ரத்தக்குழாய்களில் நெடுங்காலம் தங்கிவிடுகிறது. உயர்ந்த சர்க்கரையும் அப்படியே தங்கிவிடுகிறது. ரத்தக்குழாய்ச் சுவர்களின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை, பின்னர் ரத்தத்தில் அளவு குறைந்தாலும் எளிதில் விட்டுப் போவதில்லை.

தமிழ்நாட்டுக்கும் இந்தியாவுக்கும் இது தொலைவான செய்தி அல்ல. ஐரோப்பியர்களைவிட ஏறத்தாழ பத்தாண்டு முன்னதாகவே தெற்காசியர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு தொடங்குகிறது என்பது நெடுநாளாக அறியப்பட்ட உண்மை. உடல் எடை மிகாதபோதே வயிற்றுக் கொழுப்பு கூடுவதும், இன்சுலின் சுரப்பு எளிதில் குன்றிவிடுவதும் அதன் பின்னணியில் உள்ளன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் பெரியவர்களுள் 14.4 சதவீதத்தினர் நீரிழிவுள்ளவர்கள். மேலே சொன்ன எண்களில் பெரும்பாலானவை வெள்ளையர் மிகுந்த நாடுகளில் அளக்கப்பட்டவை. தொடக்க வயதே பத்தாண்டு முன்னால் நிற்கும் ஒரு சமூகத்தில், ஐம்பதுகளில் டயாலிசிஸ் படுக்கையிலும் கண் லேசர் சிகிச்சை வரிசையிலும் இருப்பவர்களுள் பலருக்கு நோய் முப்பதுகளிலேயே தொடங்கியிருக்கும் என்பதில் வியப்பில்லை.

இளம் நோயாளியைச் சிகிச்சை முறையே சில நேரங்களில் கைவிட்டுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மாரடைப்பு அபாயத்தைக் கணிக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் அடுத்த பத்தாண்டுகளையே கணக்கில் எடுப்பவை. முப்பத்தைந்து வயதுக்காரருக்கு அவை எப்போதும் குறைவான எண்ணையே தரும், ஏனெனில் அவருக்கு நேரக்கூடியது பதினைந்து ஆண்டுகளுக்கு அப்பால் காத்திருக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை நீரிழிவுள்ளவர்களுக்கு 40 வயதிலிருந்து கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் உறுதியாகச் சொல்கின்றன. அதற்குக் கீழே, வேறு அபாயக் காரணிகள் இருந்தால் கொடுப்பது பொருத்தமாகலாம் என்று தயங்கிச் சொல்கின்றன. இருபத்தைந்தில் நோய் தொடங்கியவர் முப்பத்தெட்டில் பதின்மூன்று ஆண்டு நோயாளி. ஆனாலும் அவர் அந்தக் கோட்டுக்குக் கீழேயே நிற்கிறார். இதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பதாக நிரூபிக்கப்பட்ட புதிய மருந்துகளின் பெரும் சோதனைகளில் பங்கேற்றவர்களின் சராசரி வயது அறுபதுகளின் முற்பகுதி. லிராகுளூடைடு மருந்தின் இதயச் சோதனையில் ஐம்பது வயதுக்குக் குறைந்தவர்கள் சேர்க்கப்படவே இல்லை. பயன் யாருக்கு நீண்டகாலம் தேவையோ, அவர்களைப் பற்றிய சான்றே மிகக் குறைவு.

இளம்பெண்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. சிறுநீரகத்தைக் காக்கக் கொடுக்கப்படும் சில ரத்த அழுத்த மாத்திரைகளையும் ஸ்டேட்டினையும் கருத்தரிப்பதற்கு முன்போ கரு உறுதியானவுடனோ மாற்ற வேண்டியிருக்கும். கருவின் உறுப்புகள் உருவாவது முதல் சில வாரங்களில், பலருக்குக் கர்ப்பம் என்று தெரியவரும் முன்பே. ஆகவே ஹெச்பிஏ1சியை 6.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது கருத்தரிப்பதற்கு முன்னரே முடிந்திருக்க வேண்டிய வேலை. விழித்திரைப் பாதிப்பு கர்ப்ப காலத்தில் வேகமெடுக்கக்கூடும் என்பதால் கண்ணையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். திருமணத்தின்போது பெண்ணின் நீரிழிவு மறைக்கப்படும் குடும்பங்களில் இந்த ஆயத்தம் எதுவுமே நடப்பதில்லை. மாத்திரையைக்கூட ஒளித்து விழுங்க நேரும் பெண் எந்த மருத்துவரிடம் போய் இதைப் பேசுவாள்?

இளவயதில் இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டால், கண், சிறுநீரகப் பரிசோதனைகளுக்கு முதல் வகைபோலச் சில ஆண்டுகள் காத்திருக்கக் கூடாது. எத்தனை காலமாக அது சத்தமில்லாமல் இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. யுகேபிடிஎஸ் ஆய்வில் சேர்ந்த புதிய நோயாளிகளிடமே ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏதேனும் ஓர் உறுப்புப் பாதிப்பின் அறிகுறி முன்னரே இருந்தது. கண்மணியை விரித்துச் செய்யும் விழித்திரைப் பரிசோதனை, பாதத்தின் தொடுவுணர்வுப் பரிசோதனை, ரத்த அழுத்தம், கொழுப்பு, சிறுநீரில் புரதம் கசிகிறதா என்பதைக் காட்டும் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் ஆகியவை முதல் சந்திப்பிலேயே தொடங்க வேண்டியவை. இவற்றுள் கடைசியாகச் சொன்ன சிறுநீர்ப் பரிசோதனைதான் அதிகம் விடுபடுவது. ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு சரியாக இருக்கிறது என்ற ஒற்றை வரியைப் பார்த்துச் சிறுநீரகம் நலம் என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் நீரிழிவின் தொடக்கத்தில் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாக வடிகட்டுவதால் கிரியாட்டினின் நன்றாகவே தெரியும், புரதக் கசிவு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருக்கும். அந்த விகிதம் 30ஐத் தாண்டி, மறுபரிசோதனையிலும் அப்படியே இருந்தால், பாதிப்பைத் தணிக்க மருந்துகள் இருக்கும் காலம் அதுவே.

இளைஞருக்கு வந்திருப்பது எந்த வகை நீரிழிவு என்பதையும் முதலிலேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒல்லியாக இருப்பதால் முதல் வகை என்றோ, ஊசியில்லாமல் சமாளிப்பதால் இரண்டாம் வகை என்றோ ஊகிப்பது நம் நாட்டில் அடிக்கடி தவறிப்போகும். மரபணு வகைகளும், கணையத்தில் கல் சேர்வதால் வரும் வகையும் தென்னிந்தியாவில் காணப்படுபவை.

யாரை எப்போது பரிசோதிப்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இந்தியாவின் தேசியத் தொற்றாநோய்த் திட்டம் 30 வயதிலிருந்து மக்களைப் பரிசோதிக்கிறது. எண்ணிக்கையைப் பார்த்தால் அது நியாயமான எல்லைதான். இழக்கப்படும் ஆண்டுகளைப் பார்த்தால் அது மிகவும் தேவையுள்ளவர்களை வெளியே நிறுத்திவிடுகிறது. எல்லா இளைஞரையும் ஊசி குத்திப் பார்க்க வேண்டியதில்லை. தாய்க்குக் கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தவர், பெற்றோருள் ஒருவருக்கேனும் நீரிழிவு உள்ளவர், உடல் நிறைக் குறியீடு 23ஐத் தாண்டியவர், கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட்டுபோலத் தடித்துக் கறுத்திருப்பவர், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்கள் ஆகியோரைப் பதின்பருவத்திலிருந்தே கவனிக்கத் தொடங்கலாம். கழுத்துக் கருமையை அழுக்கு என்று தேய்த்துக் கழுவும் தாய்மார்கள் உண்டு; முகக் களிம்பு வாங்கிப் பூசும் பிள்ளைகளும் உண்டு. பள்ளியில் ஆண்டுதோறும் எடையும் உயரமும் பார்க்கும் அதே நாளில் கழுத்தையும் ஒரு முறை பார்த்து, கருமை உள்ள பிள்ளையின் பெற்றோருக்கு நீரிழிவு உண்டா என்று கேட்டு, உண்டென்றால் ரத்தப் பரிசோதனைக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைக்க, புதிதாக எந்தக் கருவியும் தேவையில்லை.